ஐஎஸ்பிஎன் ஓர் எண் அல்ல

மின்னூல் நூலகத்தில் ஒரு புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்) 0306406152 என்று பத்து இலக்கத்தில் ஒழுங்காக இருக்கிறது. பட்டியலை ஏற்றுமதி செய்து, கிடைத்த சிஎஸ்வி என்ற உரைக் கோப்பை இருமுறை கிளிக் செய்து எக்செல் போன்ற விரிதாளில் திறந்தால் அங்கே 306406152 நிற்கிறது. முன்னால் இருந்த பூஜ்ஜியத்தைக் காணோம். அதே புத்தகத்தின் பதின்மூன்று இலக்க எண் 9780306406157. அது இருக்கவேண்டிய இடத்தில் 9.78031ஈ+12 என்று ஏதோ இயற்பியல் விடைபோல ஒன்று தெரிகிறது. (அந்த ‘ஈ’ திரையில் ஆங்கில எழுத்தாக இருக்கும்.) முதல் இரண்டு பாகங்களும் சேர்ந்த தொகுப்பு என்பதற்காக ‘1-2’ என்று நீங்கள் குறித்துவைத்த கட்டத்தில் ஒரு தேதி முளைத்திருக்கிறது: ஜனவரி 2. கணினியின் தேதி அமைப்பு வேறாக இருந்தால் பிப்ரவரி 1.

இதைப் பார்த்ததும் கோபம் நூலக மென்பொருள்மீது பாயும். ஏற்றுமதி சரியில்லை, ஏதோ பிழை என்று தோன்றும். திட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அதே கோப்பை நோட்பேட் போன்ற வெறும் உரைத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பூஜ்ஜியம் அங்கே இருக்கும், பதின்மூன்று இலக்கமும் இருக்கும், ‘1-2’ என்பதும் ‘1-2’ ஆகவே இருக்கும். கோப்பில் குறை இல்லை, திறந்த விதத்தில்தான் குறை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஏற்றுமதி அமைப்புகளை மணிக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

சிக்கலின் வேரைப் பிடிக்க, தகவல் எந்தெந்தக் கை மாறி வருகிறது என்று பார்க்கவேண்டும். கேலிபரை எடுத்துக்கொள்வோம். 2006இல் வேறொரு பெயரில் தொடங்கி, இன்று மின்னூல் சேர்ப்பவர்களில் பலரும் வைத்திருக்கும் இலவச நூலக மென்பொருள் அது. உங்கள் புத்தகங்களின் விவரம் முழுவதையும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் அது வைத்திருக்கிறது. அந்தத் தரவுத்தளத்துக்கு எது எண், எது உரை என்பது தெரியும். ஐஎஸ்பிஎன், இணையக் கடைகளின் அடையாளக் குறிகள் போன்றவை தனி அட்டவணையில் உரையாகவே சேமிக்கப்படுகின்றன. தொடரில் எத்தனையாவது புத்தகம் என்பது தசம எண். வெளியான நாள் ஒரு நேரமுத்திரை. ஆக, புறப்படும் இடத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது.

நடுவில் வருவது சிஎஸ்வி. மதிப்புகளுக்கு இடையே காற்புள்ளி, வரிக்கு ஒரு பதிவு, அவ்வளவுதான் அதன் இலக்கணம். பல பத்தாண்டுகளாகப் புழங்கிவந்த இந்த வழக்கத்தை 2005இல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் எழுதிவைத்தது. அதிலும் ஒரு மதிப்பு எண்ணா, உரையா, தேதியா என்று சொல்ல இடமே கிடையாது. தரவுத்தளத்துக்குத் தெரிந்திருந்த வகை விவரம் முழுவதும் இந்த இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. கோப்பில் மிஞ்சுவது எழுத்துகள் மட்டும்.

மூன்றாவது கை விரிதாள். அது கணக்குப் பார்ப்பதற்காகப் பிறந்த கருவி. எண் மாதிரி தெரிவதையெல்லாம் எண் என்றும், தேதி மாதிரி தெரிவதையெல்லாம் தேதி என்றும் எடுத்துக்கொள்வது அதன் சுபாவம். விற்பனைக் கணக்கு எழுதுபவருக்கு அது உதவி. நூலகப் பட்டியல் வைத்திருப்பவருக்கு அதுவே வினை. ஐஎஸ்பிஎன் பெயரளவில்தான் எண். அதைக் கூட்டுவதும் இல்லை, சராசரி காண்பதும் இல்லை. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர் அது, வண்டி எண்போல, தொலைபேசி எண்போல. ஆனால் விரிதாளுக்கு அது எப்படித் தெரியும்?

இங்கே ஒரு பரவலான தவறான நம்பிக்கையையும் உடைத்துவிடலாம். மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் விரிதாள் அதை உரையாக எடுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். எடுத்துக்கொள்ளாது. சிஎஸ்வியில் மேற்கோள் குறியின் வேலை, மதிப்புக்குள்ளேயே காற்புள்ளியோ வரி முறிவோ இருந்தால் அதைக் காப்பது மட்டும்தான். எக்செல் அந்தக் குறிகளைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருப்பதை வழக்கம்போல ஊகிக்கும். லிப்ரெஆஃபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மட்டும், மேற்கோளுக்குள் இருப்பதை உரையாகவே வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு தெரிவுப்பெட்டி தருகிறது. அதையும் நாம்தான் தேடி டிக் செய்யவேண்டும்.

எது தோற்றம், எது இழப்பு

மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரே தரத்தவை அல்ல. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். மீதிப் பாதி இன்னும் கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

9.78031ஈ+12 என்பது வெறும் தோற்றம். எக்செலின் ‘ஜெனரல்’ வடிவம், பன்னிரண்டு இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்களை அடுக்குக்குறி முறையில் சுருக்கிக் காட்டும். உள்ளே பதின்மூன்று இலக்கமும் பத்திரமாக இருக்கின்றன. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்வரை துல்லியமாக வைத்திருக்கும், நமக்கு வேண்டியது 13தான். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள பட்டையைப் பார்த்தாலே முழு எண்ணும் தெரியும். தசம இடமில்லாத ‘நம்பர்’ வடிவத்துக்கு மாற்றினால் கட்டத்திலும் தெரிந்துவிடும்.

பூஜ்ஜியம் போனது இழப்பு. 0306406152 என்பதை எண்ணாகப் படித்த கணத்திலேயே முன்பூஜ்ஜியம் அழிந்துவிட்டது, எண் கணிதத்தில் அதற்குப் பொருளே இல்லை. பிறகு அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றினால் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறோம், வராது. வடிவம் மாற்றுவது உடையை மாற்றுவது மாதிரி, வெட்டிய விரல் அதனால் முளைக்காது. ஆனாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியும். எப்படி என்று பின்னால் வருகிறது.

தேதியாக மாறிய ‘1-2’ இன்னும் மோசம். அங்கே இப்போது இருப்பது ஒரு நாள் எண், 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ணிவந்த நாட்களின் தொகை. வடிவத்தை ‘ஜெனரல்’ என்று மாற்றினால் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஓர் எண் எட்டிப்பார்க்கும். முதலில் எழுதியிருந்தது 1-2ஆ, 2-1ஆ, 1/2ஆ என்று அதிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை.

மரபணு ஆய்வாளர்கள் இந்தச் சங்கடத்தை நம்மைவிடப் பெரிய அளவில் அனுபவித்திருக்கிறார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம்போல ஒலிக்கும் மரபணுப் பெயர்கள் எக்செலில் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்தன. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து முன்னணி இதழ்களில் வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருள் இறங்கிவரவில்லை, அறிவியல் இறங்கிவந்தது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் அமைப்பைப் பரவலாகக் கொடுத்தது 2023 அக்டோபரில்தான்.

இப்போது பதற்றம் கூடும் இடத்துக்கு வருகிறேன். ‘தோற்றம்தானே’ என்று விட்டுவைத்த 9.78031ஈ+12 எப்போது உண்மையான இழப்பாக மாறும் தெரியுமா? அந்தக் கோப்பை அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது. எக்செல் சிஎஸ்வியில் எழுதுவது கட்டத்தின் உள்ளே இருப்பதை அல்ல, கட்டத்தில் தெரிவதை. திரையில் 9.78031ஈ+12 என்று தெரிந்தால் கோப்பிலும் அதே எழுத்துகள்தான் போகும். அடுத்த முறை திறந்து முழுசாக விரித்துப் பார்த்தால் 9780310000000. அதே இலக்கங்களில் தொடங்கும் அத்தனை புத்தகங்களுக்கும் அதே எண். நூறு புத்தகம் ஒரே ஐஎஸ்பிஎன்னில் வந்து நிற்கும். இதை எந்தச் சூத்திரமும் மீட்காது. நூலகத்திலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்வது ஒன்றே வழி. ஒரு தலைப்பில் எழுத்துப்பிழையைத் திருத்தலாம் என்று திறந்து, திருத்தி, கன்ட்ரோல்-எஸ் அழுத்தி மூடினாலே போதும், முடிந்தது கதை.

தேதிகளின் தனிக் கதை

வெளியான நாள் நெடுவரிசையில் நடப்பது நேர் எதிரானது. தேதியாக இருக்கவேண்டியது தேதியாக மாற மறுக்கும். நூலக மென்பொருள்கள் தேதியை ஐஎஸ்ஓ முறையில், நாளுக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு ‘டி’ எழுத்தும், முடிவில் +00:00 என்ற நேர மண்டலக் குறியும் சேர்த்து எழுதுவதுண்டு. எக்செலுக்கு அந்த ‘டி’யும் அந்தக் குறியும் பிடிபடுவதில்லை. எனவே மொத்தமும் உரையாகவே தங்கிவிடும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும், வடிகட்டியில் ஆண்டு வாரியாக மடங்காது. இதற்கு வைத்தியம் சுலபம். முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, ‘டேட்வேல்யூ’ சார்பில் கொடுத்தால் தேதி கிடைத்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். அந்த நேரமுத்திரை உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருந்தால், கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. உங்கள் கடிகாரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரி 1 நள்ளிரவு என்று நீங்கள் பதிந்த புத்தகம், பொது நேரத்தில் 2009 டிசம்பர் 31 மாலை 6:30. முதல் பத்து எழுத்தை வெட்டினால் புத்தகத்துக்கு ஒரு வயது கூடிவிடும். வெளியான ஆண்டு மட்டும் தெரிந்த புத்தகங்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவைப்பது பலரின் வழக்கம் என்பதால், இந்தப் பிழை ஒன்றிரண்டு வரியில் நிற்காது. ‘எல்லாப் புத்தகமும் ஓர் ஆண்டு பின்னால் தெரிகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நேர வித்தியாசத்தைக் கூட்டிய பிறகு வெட்டினால் சரியாகிவிடும்.

பழைய நூல்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடை. எக்செலின் காலம் 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. 1887இல் வெளியான நூலின் தேதியை அது தேதியாக ஏற்காது, உரையாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதியும் பாதி உரையும் கலந்து நிற்க, வரிசைப்படுத்தினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இருபத்தோராம் நூற்றாண்டுக்குப் பின்னால் போய் உட்காரும். லிப்ரெஆஃபீஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது பின்னோக்கியும் எண்ணும். எக்செல்தான் வேண்டும் என்றால் ஆண்டை மட்டும் தனி நெடுவரிசையாக நாலு இலக்க எண்ணாகப் பிரித்துவிடுங்கள். ஒரு நூலகப் பட்டியலுக்கு உண்மையில் வேண்டியதும் அவ்வளவுதான்.

கேலிபரில் தேதியே தெரியாத புத்தகங்களுக்கு உள்ளுக்குள் கி.பி. 101 ஜனவரி 1 என்று ஒரு பொம்மைத் தேதி இருக்கும். ஏற்றுமதியில் 0101 என்று தொடங்கும் தேதியைப் பார்த்து யாரும் சங்ககாலச் சுவடி கிடைத்துவிட்டது என்று மகிழவேண்டாம். அது வெற்றிடம் என்று பொருள், அழித்துவிடலாம்.

தொடர் எண்ணும் மற்றவையும்

தொடர் வரிசை எண் மட்டும் உண்மையாகவே எண்தான். கேலிபர் அதைத் தசம எண்ணாக வைத்திருப்பதற்குக் காரணம், இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே வந்த குறுநாவலுக்கு 2.5 என்று இடம் கொடுக்க முடிவதே. இதை உரையாக இறக்கினால் 1, 10, 11, 2 என்று அகரவரிசையில் நிற்கும். எனவே ‘எல்லாவற்றையும் உரையாக்கு’ என்ற ஒற்றை மருந்தும் முழு வைத்தியம் ஆகாது. இந்த ஒரு நெடுவரிசையை எண்ணாக விடவேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மன் போன்ற மொழி அமைப்புகளில் தசமத்துக்குக் காற்புள்ளி, நாளுக்குப் புள்ளி. அங்கே 1.5 என்பது ஒன்றரை அல்ல, மே 1. இத்தகைய அமைப்புகளில் சிஎஸ்வியின் பிரிப்பானாக விரிதாள் எதிர்பார்ப்பதும் காற்புள்ளி அல்ல, அரைப்புள்ளி. அதனால்தான் சிலருக்கு முழு வரியும் முதல் கட்டத்துக்குள்ளேயே நெருக்கியடித்து வந்து விழுகிறது. கணினியின் வட்டார அமைப்பை மாற்றவேண்டியதில்லை. இறக்குமதி செய்யும்போது அந்தக் கோப்புக்கு மட்டும் வேறு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பத்தாவது துணைப்பாகத்துக்கு 1.10 என்று எண்ணிடுபவர்கள் உண்டு. அது 1.1 ஆவதற்கு விரிதாளைக் குறைசொல்ல முடியாது. தசம எண்ணாகச் சேமித்த அன்றே அது 1.1தான். நூலகத்திலேயே 1.01, 1.02 என்று தொடங்கியிருக்கவேண்டும்.

மதிப்பீட்டு நட்சத்திரங்கள் இரட்டிப்பாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். கேலிபரின் தரவுத்தளத்தில் மதிப்பீடு பத்துக்கு, நட்சத்திரம் ஐந்துக்கு. தரவுத்தளத்தை நேரடியாகத் தொட்டு எடுத்தவர்கள் இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். கோப்பின் அளவு பைட்டில் வந்தால் 1024ஆல் இருமுறை வகுத்தால் மெகாபைட். ‘1.2 எம்பி’ என்று அலகும் சேர்த்து வந்திருந்தால் அது உரை, கூட்டினால் பூஜ்ஜியம்தான் வரும்.

திறக்கும் முறை

இவ்வளவுக்கும் தீர்வு, சிஎஸ்வி கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை விடுவது. இருமுறை கிளிக் செய்தால் எக்செல் எதையும் கேட்காது, ஊகித்துவிட்டுத்தான் காட்டும். அதற்குப் பதில் வெற்றுப் பணிப்புத்தகம் ஒன்றைத் திறந்து, ‘டேட்டா’ தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். முன்னோட்டச் சாளரத்தில் தரவு வகையைக் கண்டறியும் விதம் பற்றிய பட்டியில் ‘டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் உரையாக வரும். அதே சாளரத்தில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தமிழ்த் தலைப்புகள் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிவது இங்கே தவறுவதால்தான்.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். வகை கண்டறிதலை நிறுத்தினால் சில சமயம் தலைப்பு வரியும் தரவோடு சேர்ந்து முதல் வரியாக நிற்கும். அதைச் சரிசெய்ய ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வுக்குள் போய், முதல் வரியைத் தலைப்பாக்கும் பொத்தானை அழுத்துவோம். அழுத்தியதும் வலப்பக்கம் உள்ள படிகளின் பட்டியலில் நாம் கேட்காத ஒரு படி ஓசையில்லாமல் சேர்ந்திருக்கும்: ‘சேஞ்ச்டு டைப்’. எந்த ஊகத்தைத் தவிர்க்க இவ்வளவு தூரம் வந்தோமோ, அது பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. அந்தப் படியின் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, தொடர் எண்ணை மட்டும் கையால் தசம எண்ணாக மாற்றி, அதன்பிறகு ஏற்றுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ‘இம்போர்ட்’ செய்யும்போது, உரையை எண்ணாகவும் தேதியாகவும் சூத்திரமாகவும் மாற்றவா என்று ஒரு தெரிவுப்பெட்டி இருக்கும். டிக்கை எடுத்துவிட்டால் போதும். லிப்ரெஆஃபீஸ் கால்க் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட மரியாதை தெரிந்தது. சிஎஸ்வியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். முன்னோட்டத்தில் ஐஎஸ்பிஎன் நெடுவரிசையின் தலையைத் தொட்டு ‘டெக்ஸ்ட்’ என்று வகை கொடுக்கலாம். அந்தச் சாளரத்தைப் படிக்காமலே ‘ஓகே’ அழுத்துகிறவர்களுக்கு எந்த மென்பொருளாலும் உதவ முடியாது.

2023இல் வந்ததாகச் சொன்ன எக்செல் அமைப்பு, ‘ஆப்ஷன்ஸ்’ சாளரத்தில் ‘டேட்டா’ பகுதியில் இருக்கிறது. முன்பூஜ்ஜியத்தை நீக்குவது, நீண்ட எண்களைச் சுருக்குவது, எழுத்தும் எண்ணும் ஒட்டிவந்தால் தேதியாக்குவது ஆகியவற்றை அங்கே நிறுத்தலாம். பூஜ்ஜியப் பிரச்சினைக்கு நல்ல காப்பு. ஆனால் ‘1-2’ மாதிரி கோடு போட்ட எண்கள் இதற்குள் அடங்கா. அவை வழக்கம்போலத் தேதியாகிக்கொண்டுதான் இருக்கும். வேறொருவர் கணினியில் திறந்தால் உங்கள் அமைப்பு அங்கே கூடவரவும் போவதில்லை.

சில தளங்கள் ஏற்றுமதியிலேயே ஒரு தந்திரம் செய்கின்றன. குட்ரீட்ஸ் தரும் சிஎஸ்வியைத் திறந்தால் ஐஎஸ்பிஎன் முன்னால் ஒரு சமக்குறி, பிறகு மேற்கோள் குறிக்குள் எண், என்று சூத்திர வடிவில் இருக்கும். எக்செல் அதை ‘இந்த உரையை விடையாகக் காட்டு’ என்ற சூத்திரமாகப் படித்துக்கொள்ளும், பூஜ்ஜியம் தப்பும். எனக்கு இது பிடிப்பதில்லை. அதே கோப்பை வேறொரு நூலக மென்பொருளில் ஏற்ற முயன்றால் சமக்குறியும் மேற்கோளும் எண்ணின் பகுதியாகவே உள்ளே போய் உட்காரும். ஒரு கருவியின் பழக்கத்துக்காகத் தரவையே வளைப்பது அது. கையால் தட்டும்போது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இடும் வழக்கமும் விரிதாளுக்குள் மட்டுமே செல்லும். சிஎஸ்வியில் எழுதினால் அந்தக் குறியே எழுத்தாகத் தெரியும்.

கட்டளை வரி கைவந்தவர்கள் சிஎஸ்வியையே தவிர்த்துவிடலாம். கேலிபரின் கட்டளைக் கருவி பட்டியலை ஜேசன் வடிவில் தரும். அதில் உரை உரையாகவும் எண் எண்ணாகவும் வேறுபட்டே எழுதப்பட்டிருக்கும். பைத்தான் நிரலில் பாண்டாஸ் என்ற தரவுக் கருவி வழியாகச் சிஎஸ்வியைப் படிப்பவர்கள் அங்கேயும் இதே ஊகம் நடக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஐஎஸ்பிஎன் இல்லாத புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தாலும் முழு எண்கள் நிறைந்த அந்த நெடுவரிசை தசமமாகி, 9780306406157.0 என்று வால் முளைத்துவிடும். படிக்கும்போதே அந்த நெடுவரிசை உரை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒருமுறை சரியாக உள்ளே வந்ததும் எக்செலின் சொந்த வடிவத்தில் சேமியுங்கள். சிஎஸ்விக்கு நினைவாற்றல் கிடையாது. நீங்கள் கொடுத்த ‘டெக்ஸ்ட்’ வடிவம் அதில் எங்கும் எழுதப்படாது, அடுத்த இருமுறைக் கிளிக்கில் பழைய கதை திரும்பும். சேமித்த பணிப்புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் கட்டங்களின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும். எண் உரையாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரித்து, எண்ணாக மாற்றிவிடவா என்று கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியல்

மூலக் கோப்பு இல்லை, பூஜ்ஜியம் தொலைந்த பட்டியல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால்? பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னைப் பொறுத்தவரை நிலைமை நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. எண்ணாக மாறிய கட்டத்தில் பத்து இலக்கத்துக்குக் குறைவாக இருந்தால், முன்னால் பூஜ்ஜியங்களை நிரப்பிப் பத்தாக்கவேண்டும். ‘டெக்ஸ்ட்’ சார்பில் பத்துப் பூஜ்ஜியங்களை வடிவமாகக் கொடுத்தால் எட்டு இலக்கம் மிஞ்சியதும் ஒன்பது இலக்கம் மிஞ்சியதும் ஒன்றாகவே சரியாகும். 306406152 மறுபடி 0306406152 ஆகிவிடும்.

வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஐஎஸ்பிஎன்னுக்கு முன் 1960களில் பிரிட்டனில் புழங்கியது ஒன்பது இலக்க எஸ்பிஎன். 1970இல் பன்னாட்டுத் தரம் வந்தபோது, பழைய எண்ணின் முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தே அதை ஐஎஸ்பிஎன் ஆக்கினார்கள். எண்ணைச் சரிபார்க்க உதவும் கடைசி இலக்கமான சோதனை இலக்கம்கூட மாறவில்லை, பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே. விரிதாள் தெரியாமல் செய்தது அந்த வேலையைப் பின்னோக்கிச் செய்ததுதான்.

நெடுவரிசையைக் கண்ணால் ஓட்டினால் ஒன்று கவனத்துக்கு வரும். சில எண்கள் மட்டும் பூஜ்ஜியத்தோடு தப்பித்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கடைசி எழுத்தைப் பாருங்கள், ‘எக்ஸ்’ இருக்கும். பத்து இலக்க முறையில் சோதனை இலக்கம் பதினொன்றால் வகுத்து வருவது. பத்து என்ற மதிப்பை ஓர் இலக்கத்தில் எழுத முடியாததால் ரோமானிய எக்ஸைப் போடுகிறார்கள். ஏறத்தாழ பதினொன்றில் ஒரு புத்தகத்துக்கு இப்படி வரும். அந்த எழுத்து இருப்பதால் விரிதாளால் அதை எண் என்று நினைக்க முடியவில்லை, எனவே தப்பியது. இரண்டு பட்டியல்களை ‘விலுக்அப்’ என்ற தேடல் சார்பை வைத்து ஒப்பிடும்போது கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் எண்கள் பொருந்த மறுப்பதும் இதனால்தான். ஒன்று எண், மற்றொன்று உரை, இரண்டும் சமமல்ல. இரு பக்கமும் உரையாக்கிவிட்டு ஒப்பிடவேண்டும்.

மீட்டது சரிதானா என்று சரிபார்க்க அந்தச் சோதனை இலக்கமே போதும். 0306406152ஐ எடுத்துக்கொண்டு, இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் 10, 9, 8 என்று இறங்குவரிசையில் பெருக்கிக் கூட்டினால் 132 வரும். அது பதினொன்றால் மீதியின்றி வகுபடுகிறது, பன்னிரண்டு முறை. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதின்மூன்று இலக்க முறையில் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கவேண்டும். 9780306406157க்குக் கூட்டுத்தொகை 100, பத்தால் வகுபடும். இதை ஒரு சூத்திரமாக எழுதிப் பக்கத்து நெடுவரிசையில் இழுத்துவிட்டால், ஆயிரம் வரிகள் இருந்தாலும் கெட்டது எது என்று கண்ணிமைப்பதற்குள் தெரிந்துவிடும். 9780310000000 என்று தட்டையாகிப்போனவை இந்தச் சோதனையில் விழும். ஒன்றிரண்டு அதிர்ஷ்டத்தால் தேறினாலும், அதே எண் பல வரிகளில் திரும்ப வருவதே காட்டிக்கொடுத்துவிடும்.

என் பட்டியலில் பூஜ்ஜியங்களை நிரப்பி முடித்து இந்தச் சூத்திரத்தை ஓட்டியபோது ஏழு வரிகள் தோற்றன. விரிதாள் இன்னும் எதையோ தின்றிருக்கிறது என்று நினைத்து நூலகத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே எண்கள்தான் இருந்தன. ஏழும் பல ஆண்டுகளுக்கு முன் அட்டைப்படத்தைப் பார்த்து நானே கையால் தட்டியவை.